மண்டையில் ஏறாதாமே!

"அவனுக்குப் படிப்பு மண்டையில் ஏறாது" - பரிட்சையில் தவறிய பையனைப் பற்றி இப்படித் தீர்ப்புக் கூறுவது சிலருக்கு வாடிக்கையாகிவிட்டது. "உதவித்தொகை கொடுத்தும் படிக்கவில்லை, சோம்பேறி!" என்கிறார்கள் வேறு சிலர். இந்தத் தீர்ப்புகளை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய பரிசோதனையைப் பாருங்கள். 2004-ல் அதன் முடிவுகள் வெளியாயின. மேல்ஜாதிப் பையன்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட பையன்கள் 321 பேர். 6, 7-ஆம் வகுப்பு மாணவர்கள். வழி கண்டுபிடிக்கும் புதிர்களை விடுவித்தால் காசு. ஜாதியைச் சொல்லாத குழுக்களில் இரு சாராரும் ஏறக்குறைய சமமாகவே விடுவித்தனர். எல்லோர் முன்னிலையிலும் ஜாதியை வாசித்த குழுக்களிலோ தாழ்த்தப்பட்ட பையன்கள் பின்தங்கினர். பரிசைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தபோது அந்த வித்தியாசம் மறைந்தது!

இதற்கென்ன அர்த்தம்? மூளையில் குறைவில்லை. "நம் உழைப்புக்கு இவர்கள் நியாயம் வழங்கமாட்டார்கள்" என்ற எண்ணமே கையைக் கட்டிப்போட்டது. அந்த எண்ணத்தை அவன் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. ஊர் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

"என்னால் முடியுமா? முடிந்தால் பயனுண்டா?" - இந்த இரு கேள்விகளுக்கு மாணவன் காணும் விடையே அவன் முயற்சியை நிர்ணயிக்கிறது என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜாக்குலின் எக்ல்சும் அவரது சகாக்களும் 1983-லேயே எடுத்துக் காட்டினார்கள்.

நம் மாகாணத்தில் 1953-ல் வந்த குலக்கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்! "உன் எல்லை இதுதான்" என்று சர்க்காரே குழந்தைக்குச் சொன்ன விடை அது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், 1954-ல் திட்டம் கைவிடப்பட்டது.

"தன்னம்பிக்கை ஊட்டினால் போதும்" என்று இன்று உபதேசிப்போர் உண்டு. ஆசிரியரின் நல்ல வார்த்தைக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பட்டம் பெற்ற அண்ணன் வேலையின்றித் திண்ணையில் உட்கார்ந்திருக்கையில், தம்பியிடம் எந்த நம்பிக்கையைப் போதிப்பது? முதல் கேள்விக்கு மட்டும் விடையளித்து, இரண்டாவதை மழுப்புவது ஏமாற்று.

ஆகவே நாம் கோருகிறோம்: உதவித்தொகைக் கணக்கெடுப்பு என்ற பெயரில் வகுப்பில் ஜாதி சொல்லி மாணவரை எழுப்பி நிறுத்தும் வழக்கம் எங்கிருந்தாலும் ஒழிய வேண்டும். உதவித்தொகை படிக்கும் காலத்திலேயே கைக்கு வர வேண்டும். படித்தவனுக்கு வேலை வேண்டும். இவற்றைச் செய்துவிட்டுப் பிறகு பேசட்டும், யார் மண்டையில் எது ஏறவில்லை என்று!