சின்னத்திரைத் தீர்ப்பும் இளைஞர் உள்ளமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திண்ணையில் அமர்ந்து அடுத்த வீட்டுக் கதை பேசுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. அந்தத் திண்ணையையே கைப்பேசிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது இக்கால அறிவியல். இரவு உணவு முடிந்ததும் நம் விடுதியில் ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்கிறோம். “இன்று யார் அழுதார்? யார் யாரை ஏசினார்? இந்த வாரம் யார் வெளியேறுவார்?” இவையே பேச்சு. மறுநாள் தேர்வு என்றாலும் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. நான் ‘பிக்பாஸ்’ நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன் என்பதை நண்பர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

1999இல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் தோன்றிய நிகழ்ச்சி இது. 2006இல் இந்திக்கு வந்தது. 2017 ஜூன் 25 அன்று தமிழுக்கு வந்தது. முதல் ஏழு பருவங்களைக் கமல்ஹாசனும், 2024இல் எட்டாம் பருவத்தை விஜய் சேதுபதியும் நடத்தினர். அறிமுகமில்லாத பலரை ஒரே வீட்டில் அடைத்து, வெளியுலகத் தொடர்பை அறுத்து, எல்லாப் பக்கமும் கேமராக்களை வைத்து, சிலரை மக்கள் வாக்கால் ஒவ்வொருவராக வெளியேற்றுவதே இதன் அமைப்பு.

இத்தகைய நிகழ்ச்சிகள் இளைஞரைக் கெடுக்கின்றன என்று பெரியவர்கள் கூறுகிறார்கள். உடை மாறுகிறது, முடி மாறுகிறது, பேச்சு மாறுகிறது என்பது அவர்கள் கவலை. இதனை நான் பெரிதாக எண்ணவில்லை. எந்தத் தலைமுறை நடிகரைப் பார்த்து முடிவெட்டிக் கொள்ளவில்லை? நம் தந்தையர் காலத்துப் புகைப்படங்களே அதற்குச் சாட்சி! நான் அஞ்சுவது வேறொன்றை. ஒரு துண்டுக் காட்சியைக் கண்டு ஒரு மனிதரை முழுவதும் அறிந்துவிட்டதாக எண்ணித் தீர்ப்பு வழங்கும் பழக்கமே அது.

நம் ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். கூட்டு ஊசல் சோதனையில் இருபத்து நான்கு அளவீடுகள் எடுத்துவிட்டு, பிடித்த ஒன்றை மட்டும் ரெக்கார்டு நோட்டில் எழுதினால் நம் பேராசிரியர் கையெழுத்திடுவாரா? “மற்றவை எங்கே?” என்று கேட்டுத் திருப்பித் தந்துவிடுவார். இரவில் நாம் காண்பதோ, இருபத்து நான்கு மணி நேரத்திலிருந்து யாரோ வெட்டி ஒட்டிய ஏறத்தாழ ஒரு மணி நேரம்! 2022 முதல் முழுநாள் ஒளிபரப்பும் இணையத்தில் வந்தது உண்மைதான். ஆனால், அதை யார் முழுதாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்? நம்மில் பலர் அந்த ஒரு மணி நேரத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அரை நிமிடத் துணுக்கைப் பார்த்தே தீர்ப்பெழுதுகிறோம். பகலில் அறிவியல் பயிலும் நாம் இரவில் அதை மறந்துவிடுகிறோம்.

2017 சனவரியில் சென்னை மெரினாவில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழக்கமிட்ட ஜூலி என்ற இளம்பெண்ணை ‘வீரத் தமிழச்சி’ என்று கொண்டாடினோம். அதே ஆண்டில் அவர் பிக்பாஸ் வீட்டுக்குள் சென்றதும், சில வாரங்களில் அதே கைகள் அவரை ஏளனம் செய்து எழுதிக் குவித்தன. அவர் தவறே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. சனவரியில் நாம் கண்டதும் ஒரு துண்டு. பிறகு கண்டதும் ஒரு துண்டு. இரண்டிலும் முழு மனிதரை நாம் காணவில்லை என்பதே என் வாதம்.

இது எங்கோ திரையில் நடப்பது என்று ஒதுக்கிவிட முடியவில்லை. சென்ற ஆண்டு ஒரு விழாவில் முதலாண்டுத் தம்பி ஒருவன் பேச வந்தான். ஒலிவாங்கியைப் பிடித்த கை நடுங்கியது, சொல் மறந்தது, கண் கலங்கியது. அதை யாரோ படம் பிடித்து, நகைச்சுவை இசை சேர்த்து அனுப்பினார்கள். இரவுக்குள் எல்லார் கைப்பேசியிலும் அது இருந்தது. நானும் சிரித்தேன், நானும் நான்கு பேருக்கு அனுப்பினேன். அவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்று நிமிடப் பேச்சை அவன் பத்து நாள் எழுதி எழுதி மனப்பாடம் செய்திருந்தான். நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படி மிதித்தவர்கள். முதல் மேடையில் என் கையும் நடுங்கியது; அன்று யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவே. அவனிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அண்ணா” என்றான். ஆனால், அதற்குப் பிறகு அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. அந்தத் தீர்ப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சின்னத்திரையால் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2018இல் ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றபோது, வயல்வெளிப் பாட்டுக்கும் அரங்கில் இடமுண்டு என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால், அதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் ஊர் ஊராகத் திருவிழா மேடைகளில் பாடியவர். புகழைத் திரை காட்டியது. அதற்குப் பின்னிருந்த உழைப்பை நாம்தாம் தேடிக் காண வேண்டும். ஏளனத்தில் மட்டுமன்று, புகழ்ச்சியிலும் துண்டுக் காட்சி நம்மை ஏமாற்றும். ஒரே இரவில் புகழ் வரும் என்று நம்பிப் படிப்பை மறப்பதும் அந்த ஏமாற்றத்தின் மறுபக்கமே.

நண்பர்களே! தொலைக்காட்சியை உடைத்தெறியச் சொல்லவில்லை. பார்ப்போம், சிரிப்போம். ஆனால், ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர் கேட்கும் கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: “மற்ற அளவீடுகள் எங்கே?” நம்மிடையே ஒருவன் மேடையில் நடுங்கி நின்றால், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைதட்டுவோம். அந்தத் தம்பி இவ்வாண்டு விழாவில் மீண்டும் ஏற வேண்டும். முதல் வரிசையில் நான் இருப்பேன்.