சாக்கடையோரக் கீழாநெல்லி

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் ஓய்ந்தால் போதும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் போகும் சாலைகளின் ஓரமெல்லாம் பச்சை கட்டிவிடும். லாரி டயர் மிதித்த தடத்தைத் தவிர மீதி இடமெல்லாம் கோரை, குப்பைமேனி, மூக்கிரட்டை. நடுநடுவே முழங்கால் உயரம்கூட எட்டாத கீழாநெல்லி. கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். பீகாரிலிருந்து வந்து உருக்காலையில் வேலை பார்க்கும் பையனுக்கும் இந்தச் செடி தெரியும். ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்குப் பாட்டிக்கும் தெரியும். காமாலைக்கு இதுதான் மருந்து என்பதில் இருவருக்கும் சண்டையே வராது.

போன வாரம் அப்படியொரு சாலையோரத்தில் ஓர் அம்மா கோணிப்பை நிறையப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஆலை மதில், இன்னொரு பக்கம் கறுப்பாகத் தண்ணீர் தேங்கிய கால்வாய்.

“இதெல்லாம் எங்கம்மா போவுது?”

“ஏஜெண்டு வந்து எட்த்துனு போவாருப்பா. காயவெச்சுக் குட்த்தா கிலோவுக்கு இவ்ளோன்னு காசு.”

“எங்க பறிச்சேன்னு கேக்க மாட்டாரா?”

“செடி செடிதானே? மண்ணை ஒதறிட்டியான்னு மட்டும் கேப்பாரு.”

எடையில் ஏமாந்துவிடக் கூடாதே என்று கேட்கும் கேள்வி அது. வேறு காரணத்துக்காகவும் அந்த மண்ணைப் பற்றி யாராவது விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கீழாநெல்லிக்கு ஆராய்ச்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது. உலகத்தை அதன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்ததே சென்னைப் பல்கலைக்கழகம்தான். பின்னாளில் அதன் துணைவேந்தராகவும் இருந்த நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் 1982-லேயே கீழாநெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைச் சோதனைக் குழாயில் முடக்குவதாக எழுதினார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்க் அமெரிக்காவிலிருந்து இவர்களோடு கைகோத்தார். 1988-ல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. வைரஸை நாள்பட உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் காணாமல் போயிருந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. சித்த வைத்தியர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தி இந்தக் கணக்கைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததைத்தான் சொல்வதில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நெதர்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்திலும் பார்த்தார்கள். சென்னையில் கிடைத்த பலன் அங்கெல்லாம் கிடைக்கவில்லை. சென்னை ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சில கேள்விகள் எழுந்தன. எந்தச் செடி? எங்கே விளைந்தது? எந்தப் பருவத்தில் பறித்தது?

முதல் கேள்வியே லேசுப்பட்டதல்ல. 1982-ல் செடியின் பெயரை பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிய அதே குழு, 1988-ல் பில்லாந்தஸ் அமாரஸ் என்று எழுதியது. நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வயல் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் அமாரஸ். தண்டு சிவந்து, காம்பே இல்லாமல் சொரசொரப்பான காயோடு முளைக்கும் சிவப்புக் கீழாநெல்லி வேறு இனம். மேலாநெல்லி இன்னொன்று. நுண்ணோக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கே இவ்வளவு குழப்பம் என்றால், கோணிப்பைக்குள் எத்தனை நெல்லிகள் கலந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காமாலையைக் கீழாநெல்லி தீர்த்துவிட்டது என்று ஊரில் சொல்லும் கதைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாள்களில் உப்பில்லாப் பத்தியத்தோடு எதைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும். ஹெபடைடிஸ் பி கதையே வேறு. அது உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், பத்தியத்துக்கு மசியாமல் ஈரலைப் பல வருஷம் அரித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை ஒன்றால்தான் முடியும். கண்ணின் மஞ்சளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கீழாநெல்லி குடிப்பவர் குடிக்கட்டும், ரத்தத்தையும் கொடுத்துவிட்டுக் குடிக்கட்டும்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு, பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. அங்கே முளைத்ததெல்லாம் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செடிக்கு நல்லது கெட்டது பார்த்து உறிஞ்சத் தெரியாது. மண்ணில் ஈயம் இருந்தால் வேர் அதை எடுக்கும், எடுத்ததில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காட்மியம் அப்படியில்லை, இலைவரை சரசரவென்று ஏறிவிடும். புகையோடு வரும் தூசி தனியாக இலைமேல் படியும்.

துளசியில் இலையைக் கிள்ளுகிறோம். தூதுவளையிலும் அப்படியே. கீழாநெல்லியை மட்டும் சமூலமாக, வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் வைத்து நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறோம். ஈயம் எங்கே போய்த் தங்குமோ அதையும் சேர்த்துத்தான் அரைக்கிறோம். அலசினால் தூசி போகும், உள்ளே ஏறியது போகாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் ஆவியாகிவிடப் போவதில்லை. காயவைத்தால் தண்ணீர்தான் வற்றும், உலோகம் அப்படியே இருக்கும். காமாலை வந்து ஈரல் களைத்துக் கிடக்கும் குழந்தைக்கு ஈயத்தைப் புகட்டுவதைப் போல அபத்தம் வேறில்லை. குழந்தையின் மூளைக்கு ஈயம் எவ்வளவு கெடுதல் என்பதில் மருத்துவ உலகில் மறுபேச்சே கிடையாது.

இதற்கெல்லாம் விதி இல்லாமலில்லை. மூலிகை மருந்தில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் நம் ஆயுஷ் துறையும் வரம்பு வைத்திருக்கின்றன. மூலிகை சேகரிப்பதற்கென்றே 2003-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி நூல் போட்டது. எங்கெல்லாம் பறிக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: சாலையோரம், சாக்கடைக் கால்வாய், குப்பைமேடு, நச்சுப்புகை விடும் ஆலைகளின் பக்கம். நான் நின்றிருந்த இடத்துக்குக் குப்பைமேடு ஒன்றுதான் குறை, அதுவும் அரை கிலோமீட்டரில் இருந்தது.

2017-ல் டெங்கு சமயத்தில், ஆராய்ச்சி முடியும்வரை நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தினரிடம் சொன்னபோது தொலைக்காட்சிகளில் அனல் பறந்தது. ஆராய்ச்சி உண்டு என்றார்கள், போதாது என்றார்கள். குடிநீரில் சேரும் ஒன்பது சரக்கும் எந்த நிலத்தில் எடுத்தவை என்று இரண்டு தரப்பிலும் ஒருவர் கேட்டதாக என் காதில் விழவில்லை. மருந்தின் பேரில் நமக்கு உள்ள ரோஷம் மருந்து விளையும் இடத்தின் பேரில் இல்லை.

வீட்டுக்கு வேண்டிய கீழாநெல்லிக்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. கறிவேப்பிலைத் தொட்டியில் கேட்காமலே முளைக்கும், களை என்று பிடுங்கி எறியாமல் இருந்தால் போதும். வியாபாரத்துக்குப் போவதுதான் சிக்கல். லைசென்ஸ் வாங்கி மருந்து தயாரிக்கும் கம்பெனிக்கு வரம்பும் சோதனையும் உண்டு. சந்தையில் கட்டு கட்டி விற்பதை யார் சோதிப்பது? சென்னை ராசப்பச் செட்டித் தெருவில் போய்ச் சேரும் மூட்டைக்கு ஊர்பேர் கிடையாது.

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கிலோவுக்குக் காசு என்றால் எங்கே செடி மண்டியிருக்கிறதோ அங்கேதான் யாரும் போவார்கள். கம்பெனிக்காரர் மூட்டை வாங்கும்போது பறித்த இடத்தைக் கேட்டு எழுதி வைத்தால், ஏஜெண்டும் கேட்க ஆரம்பிப்பார். நல்ல இடத்துச் செடிக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்றால், அந்த அம்மா ஷேர் ஆட்டோ பிடித்தாவது ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார்.