ஆயிரம் கணக்குப் போட்டாலும் வராதது

முதலாண்டு இயற்பியலில் பிள்ளைகள் அரியர் வைப்பதற்குக் காரணம், ஆசிரியர்கள் கருத்து விளக்கத்தில் நேரத்தைக் கடத்துவதுதான் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். சூத்திரங்களை மனப்பாடம் செய்யவைத்து ஆயிரம் கணக்குப் போடவைத்தால் புரிதல் தானாக வந்துவிடும் என்பது அவர் வாதம். ஆதாரம் ஒன்றுகூடக் காட்டவில்லை.

போகிற போக்கில் அவர் சொன்ன அந்த ஆயிரத்தைத் தென் கொரியாவில் உண்மையிலேயே சோதித்திருக்கிறார்கள். கிம், பாக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரிக்கு வருமுன்பே சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போட்டு முடித்த மாணவர்களிடம் விசை, முடுக்கம் பற்றி அடிப்படைக் கேள்விகளைக் கேட்டார்கள். பிழையான எண்ணங்கள் பலரிடம் அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் பெரிய தொடர்பே தென்படவில்லை. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி எழுத வருகிறவர் இதையாவது படித்திருக்க வேண்டும்.

ஹார்வர்டில் எரிக் மசூர் கண்டதும் இதுதான். ஒரே தேர்வில் இரண்டு கேள்விகள் கொடுத்தார். ஒன்று, கிர்க்காஃப் விதிகளை வைத்துப் போடும் வழக்கமான மின்சுற்றுக் கணக்கு. மற்றது, ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடரிணைப்பில். மூன்றாவது பல்புக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் எது பிரகாசமாகும், எது அணையும்? மூன்றாவது அணைந்துவிடும், மற்ற இரண்டும் கூடுதலாக எரியும், மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும். சமன்பாடு எழுதாமலே சொல்லிவிடலாம். ஆனால் மாணவர்கள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி, பல்பில் சறுக்கினார்கள்.

நம் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது முடுக்கம் எவ்வளவு? இயக்கச் சமன்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிக்கிறவன், தயங்காமல் சுழி என்பான். வேகமும் முடுக்கமும் இரண்டுமே சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. தன் கணக்கில் 9.8 என்று எழுதிய எண் உச்சியிலும் மாறவில்லை என்பதை யாரும் அவனை யோசிக்கவைக்கவில்லை.

விடைதான் புத்தகத்தில் இருக்கிறதே, செய்முறை எதற்கு என்றும் சென்ற இதழில் எழுதியவர் கேட்கிறார். முறுக்கு ஊசலில் கம்பியின் ஆரத்தைத் திருகு அளவியால் அளக்கும்போது 1 சதவீதம் பிசகினால், விறைப்புக் குணகம் ஏறக்குறைய 4 சதவீதம் பிசகும். ஆரம் அங்கே நான்காம் அடுக்கில் வருகிறது. எந்த அளவை உயிரைக் கொடுத்து அளக்க வேண்டும், எதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது பொறியாளரின் அன்றாட வேலை. பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறவனுக்கு அது எந்தக் காலத்திலும் பிடிபடாது.

எனக்குப் பொறுக்க முடியாத வரி கடைசியில் இருக்கிறது. கிராமத்திலிருந்து, தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கருத்து ஏறாதாம். சூத்திரத்தைக் கொடுத்துப் பாஸ் பண்ணவைப்பதே உதவியாம். இதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். வெறும் இளக்காரம் இது. மைக்கேல் ஃபாரடே கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் அவர்தான். காந்தப்புலத்தை விசைக் கோடுகளாக மனத்தில் கண்டதும் அவரே. மாக்ஸ்வெல் அதைக் கணிதத்தில் எழுதியது பிறகு.

அந்தப் பிள்ளையின் கையில் ஒரு காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொடுங்கள். சுருளுக்குள் காந்தம் சும்மா கிடக்கும்போது கால்வனாமீட்டர் முள் ஏன் அசையவில்லை, வெளியே இழுக்கும்போது ஏன் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று அவனே பார்த்துச் சொல்லட்டும். அதற்கு இங்கிலீஷ் வேண்டாம். சூத்திரத்தை மறுநாள் எழுதிப் போடுங்கள்.