கம்பளி போதும், கூரையைப் பற்றிக் கதைப்போம்

ஒவ்வொரு டிசம்பரும் இது நடக்கும். கம்பஸ் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் வரும். பனி மூடிய தேயிலை மலை, நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி, கீழே வங்கிக் கணக்கு இலக்கம். "மலையக உறவுகளுக்கு ஒரு கம்பளி."

நான் இதைத் தூரத்தில் நின்று நக்கல் அடிக்கவில்லை. முதலாம் வருடத்தில் நானும் பெட்டி தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காசு சேர்த்திருக்கிறேன். ஒரு தோட்டத்துக் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்றவர்களுக்குக் கம்பளி கொடுத்து, போட்டோவும் எடுத்திருக்கிறேன். நானும் லயத்துப் பிள்ளைதான். என் அம்மாவும் இன்னொரு தோட்டத்தில் அப்படி ஒரு வரிசையில் நின்றவர்தான். அந்த முறை லீவுக்கு வீட்டுக்குப் போனபோது பெருமையாக அப்பாயியிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். "கம்பளி ஏழு இருக்கும்மா. தகரத்துல ஓட்ட ஒன்பது இருக்கு."

இந்தக் கட்டுரை அந்த ஒன்பது ஓட்டைகளைப் பற்றியது.

முதலில், நாம் தெரிவு செய்யும் மாதமே பிழை. மலையகத்துக்கு ஒரு குளிர்காலம் இல்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் பனி விழுந்து கொழுந்து கருகும். போஸ்டரில் வருவது அந்தக் குளிர். ஆனால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். மே கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஆகஸ்ட் வரை காற்றும் மழையும்தான். அதுதான் எலும்பைத் தொடும் குளிர். பதுளை, பசறைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே மழை கொட்டுவது வருடக் கடைசியில். ஜூன் மாதம் எந்தப் போஸ்டரும் வராது. நத்தார் லீவும் நம்முடைய இரக்கமும் ஒரே நேரத்தில் வருகின்றன. மழைக்கு அந்தக் கலண்டர் தெரியாது.

ஜூலையில் கம்பளி என்ன ஆகும் தெரியுமா? நனையும். நனைந்தால் காயாது. மலையில் படங்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நனைந்து வரும் அம்மா, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதைக் காயப் போடுவார். கவ்வாத்து மிலாறும் ஈரம், அதனால் அடுப்பில் நெருப்பை விடப் புகைதான் அதிகம். விடியக்காலையில் அந்தப் புகை மணக்கும் ஈரக் கம்பளிக்குள்தான் பிள்ளை இருமிக்கொண்டு படுத்திருக்கும்.

இரண்டாவது, குளிர் உள்ளே வருவது கூரை வழியாக. தகரம் வெயிலில் எவ்வளவு வேகமாகச் சுடுமோ, இரவில் அவ்வளவு வேகமாகக் குளிரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் ஆறு பேர் மூச்சு விடுகிறார்கள், சோறு வேகிறது, துணி காய்கிறது. அந்த ஈரமெல்லாம் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும். வெளியே மழை இல்லாத இரவிலும் உள்ளே சொட்டும். "தகரம் வேர்க்குது" என்று எங்கள் லயத்தில் சொல்லுவோம். இதற்கு மருந்து கம்பளி இல்லை, சீலிங். கூடவே புகை வெளியேற ஒரு சிம்னி, சுவர் அடியில் தண்ணீர் தேங்காமல் ஒரு கான், காற்றுக்குத் தகரம் பறக்காமல் ஒழுங்காக அடித்த மரச்சட்டம். இப்போது அந்த வேலையைச் செய்வது கூரைமேல் ஏற்றி வைத்த கல்லும் பழைய டயரும்.

இதெல்லாம் அந்தக் காலத்தில் தெரியாத விஷயமா? துரை பங்களாவைப் போய்ப் பாருங்கள். அதே மலை, கட்டியது அதே வெள்ளைக்காரன். பங்களாவில் தடித்த சுவர், மரப்பலகைத் தரை, அறையில் கணப்பு, கூரைக்கு மேலே சிம்னி. குளிருக்கு வீட்டை எப்படித் தயார் பண்ணுவது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. லயத்தைக் கட்டும்போது அந்த அறிவைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். முதுகோடு முதுகாக ஒட்டிய இரட்டை லயங்களில் பின்பக்கம் ஒரு ஜன்னல் கூட இல்லை. இன்று அந்தப் பங்களாக்களில் பல ஹோட்டல்கள். கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்க ஆட்கள் காசு கட்டுகிறார்கள். லயங்களில் பல இன்னும் லயங்களாகவே இருக்கின்றன.

கம்பளியும் புதுசு இல்லை. தோட்டத்தில் கம்பளி கொடுத்துவிட்டு அதன் விலையைப் பேர்ச் சம்பளத்தில் பிடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது நாம் இலவசமாகக் கொடுக்கிறோம். கொடுப்பவர் மாறிவிட்டார், கொடுக்கும் பொருள் மாறவில்லை.

"அப்ப நீங்களே சீலிங் அடிக்கலாம்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. பதில்: வீடு எங்களுடையது இல்லை.

நிலம் அரசாங்கத்தினது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நாலு தலைமுறை இருந்த காம்பராவுக்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு ஜூலைக் காற்றில் எங்கள் தொங்கல் காம்பராவின் தகரம் பறந்தது. அப்பா தோட்ட ஆபீசுக்குக் கடிதம் கொடுத்தார். "பைல்ல இருக்கு" என்றார்கள். இரண்டு மாதம் படங்குக்குக் கீழே இருந்துவிட்டு, கடன் வாங்கித் தகரம் போட்டார். கூடவே இஸ்தோப்பை மூன்று அடி நீட்டி, அடுப்பை வெளியே எடுத்தார், புகை குறையட்டும் என்று. அதற்கு மட்டும் பதில் உடனே வந்தது: அனுமதியில்லாத கட்டுமானம், உடைக்கவும்.

பிரதேச சபையிடம் போகலாமா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் சபைக் காசில் வேலை செய்யத் தடையாக இருந்தது. ஓட்டுப் போட்டோம், ஆனால் கான் வெட்ட அந்தச் சபைக்கு வழி இல்லை. குளிருக்கு வீட்டைத் தயார் பண்ணுவது என்றால் முதலில் அந்த வீட்டில் ஆணி அடிக்க உரிமை வேண்டும்.

மூன்று பதில்கள் வரும் என்று தெரியும்.

"அவங்களுக்குக் குளிர் பழகிட்டு." பழகியது குளிர் இல்லை, கேட்காமல் இருப்பது.

"வீடுகள் கட்டிக் கொடுக்கிறார்கள்தானே." உண்மை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் வந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்தது மேலும் 10,000. தனி வீட்டில் படுக்கும் பிள்ளையின் தூக்கம் வேறு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லயத்தில் இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இது சிறிது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அபாயமான இடம் என்று முன்பே சொல்லப்பட்ட இடம் அது. சொன்னவர்கள் இருந்தார்கள், போவதற்கு வீடு இருக்கவில்லை.

"அதுவரைக்கும் நடுங்கட்டுமா?" இதுதான் நேர்மையான கேள்வி. இல்லை, நடுங்க வேண்டாம். கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் கம்பளி தேவை என்றால் கொடுங்கள். ஆனால் கொடுத்துவிட்டு முடிந்தது என்று லொறியில் ஏறி வராதீர்கள். நூறு கம்பளிக்குச் சேர்க்கும் காசில் சில காம்பராக்களுக்காவது சீலிங் அடிக்கலாம். எது வேண்டும் என்று அந்த வீட்டு ஆட்களிடமே கேளுங்கள். டிசம்பரில் இல்லை, ஏப்ரலில் கேளுங்கள், மழைக்கு முன்னர்.

கலைப்பீடத்தில் படிக்கும் எங்களுக்குக் காசை விட வேறு ஒன்று இருக்கிறது. எழுதத் தெரியும். ஆபீசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் சிங்களத்தில் கடிதம் எழுத ஆள் இல்லாமல் எத்தனை வீட்டு விண்ணப்பம் நின்றுபோகிறது! ஒரு லயத்தில் எத்தனை காம்பரா, எத்தனை ஓட்டை, எப்போது கடிதம் கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினாலே போதும். அது பைலுக்குள் போய்த் தூங்காமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை. காணி உறுதி கேட்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கொப்பியோடு போய் நிற்க வேண்டும்.

இந்த டிசம்பர் போஸ்டரை நான் ஷெயர் பண்ணப் போவதில்லை. ஏப்ரலில் நாங்கள் நாலு பேர் எங்கள் லயத்திலிருந்து கொப்பியைத் தொடங்குகிறோம். வருகிறவர்கள் வாங்கோ. போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது.