45 நாளில் வர வேண்டிய பணம்: கோர்ட்டுக்குப் போகாமலே வாங்க முடியுமா?

"அடுத்த வாரம் பாத்துக்கலாங்க." திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பல்லடம் சாலையில், வீரபாண்டி பக்கம் இயங்கும் நிட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள் யூனிட்களுக்கு அந்த 'அடுத்த வாரம்' சில நேரம் ஆறு மாதம் கழித்துத்தான் வருகிறது. ஆனால் சனிக்கிழமை வாராவாரம் வந்துவிடும். அன்று தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

பாக்கியைக் கேட்டு அலுத்தவருக்கு இரண்டே வழி இருப்பதுபோலத் தெரியும். கோர்ட்டுக்குப் போகலாம், அல்லது வந்தவரை போதும் என்று விட்டுவிடலாம். கோர்ட் என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். "கேஸ் போட்டவன்" என்று பெயர் வந்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயம் வேறு. அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி 2006 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-ன்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான் கெடு. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம்.

திருப்பூருக்கு இன்னும் முக்கியமான வரி ஒன்று உண்டு. "ஷேடு மாறிப்போச்சு", "துணியில ஓட்டை" என்று மூன்று மாதம் கழித்து டெபிட் நோட் வருவது இங்கே பழகிப்போன கதை. சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பணம் தரும் கெடு அன்றிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.

எங்கே போவது?

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்கள், இணையம் வழியாக 'பெசிலிட்டேஷன் கவுன்சில்' எனப்படும் தீர்வு மன்றத்தில் மனு கொடுக்கலாம். மன்றம் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசும். முடியாவிட்டால் நடுவராக இருந்து தீர்ப்பு சொல்லும். இதற்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 90 நாள். நடைமுறையில் தாமதம் ஆவது உண்டு. ஆனாலும் அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால், முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். இழுத்தடிப்பதற்கு இது நல்ல கடிவாளம்.

பதிவு இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே முடிந்த உடன்பாடு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்கு என்றால், அவசரத் தடை உத்தரவு கேட்காத பட்சத்தில், வழக்குப் போடும் முன் சமரச முயற்சி கட்டாயம். ஆக, கோர்ட்டுக்கே கிளம்பினாலும் வழியில் சமரச மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சமரசம் என்றால் விட்டுக்கொடுப்பதா?

இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. "பெரியவங்க பேசி முடிச்சாங்க" என்று சொல்லும் பல பஞ்சாயத்துகளில், ஆர்டர் கொடுப்பவர் கைதான் ஓங்கியிருக்கும். 10 லட்சம் பாக்கி 6 லட்சமாகி, அதுவும் தவணையில் வரும். கையில் பேப்பர் இல்லாமல், தனி ஆளாகப் போய் உட்கார்ந்தால் நடப்பது இதுதான்.

சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் திருப்பூர் பார்த்திருக்கிறது. 1984-ல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இன்று உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் பேசிக் கூலியை முடிவு செய்கின்றன. 2021-ல் 4 ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு அப்படித்தான் கையெழுத்தானது. கூலிக்குக் கைகொடுத்த அதே முறை பில் பாக்கிக்கும் கைகொடுக்கும். ஜாப் ஒர்க் சங்கங்கள் உறுப்பினரின் பாக்கியைத் தங்கள் பெயரில் பேச ஆரம்பித்தால், "கேஸ் போட்டவன்" என்ற பெயர் யார் தலையிலும் தனியாக விழாது.

எல்லாத் தகராறையும் இப்படிப் பேசி முடிக்க முடியாது என்பதும் உண்மை. நொய்யல் சாயக்கழிவுப் பிரச்சினையில் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம்தான் போக வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. மேசையில் இல்லாதவர்கள் நஷ்டத்தைச் சுமக்கும் இடத்தில் சமரசம் சரியான வழி ஆகாது. பில் பாக்கி அப்படியல்ல. இரு தரப்புக்கும் நாளையும் ஒருவர் மற்றவருக்குத் தேவை.

இப்போதே செய்ய வேண்டியவை

- வேலை எடுக்கும் முன்பே உத்யம் பதிவு முடித்துவிட வேண்டும். பதிவுக்கு முந்தைய பில்களுக்குச் சிக்கல் வரலாம்.
- ரேட், அளவு, பணம் தரும் நாள் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ் ஆனாலும் சரி.
- டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். 15 நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கித் தொகையை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக, அக்கவுன்ட்ஸில் இருக்கும் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி வைத்த பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். வருமான வரிச் சட்டம் சொல்வது இதைத்தான். 'அடுத்த வாரம்' என்று சொல்வது இப்போது இரண்டு பக்கமும் செலவு வைக்கும். இதை முதலாளிக்கு எடுத்துச் சொல்ல அக்கவுன்ட்ஸில் இருப்பவரால் முடியும். அது நடந்தால் வீரபாண்டியில் ஏதோ ஒரு பவர் டேபிளில் சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போகாது.