உருளும், வழுக்கும், திரும்பும்
முழங்காலைக் கதவுக் கீல் போல நினைப்பவர்கள்தான் அதிகம். லண்டன் வைட்சாப்பலில் பணியாற்றிய எலும்பு அறுவை நிபுணர் மைக்கேல் ஃப்ரீமன், பிராக் நகரத்து மருத்துவர் வேரா பின்ஸ்கெரோவா ஆகியோரின் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் தகர்த்துவிட்டன. காலை மடக்கும்போது தொடை எலும்பின் உட்புறக் குமிழ் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழல்கிறது. வெளிப்புறக் குமிழோ உருண்டும் வழுக்கியும் 2 சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னே போகிறது. ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் நகர்வதால் கீழ்க்கால் உள்நோக்கித் திரும்புகிறது. எத்தனை நுட்பமான ஏற்பாடு! நாற்காலியில் உட்கார ஏறத்தாழ 90 பாகை மடங்கினால் போதும். குந்தவோ சம்மணமிடவோ அதைவிட நன்றாக மடங்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். லண்டன் ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்குப் போய்வரும் நம் அம்மாக்களுக்குத் தரையில் உட்காருவது அன்றாட வாழ்க்கை. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டபின், மடங்கும் கோணத்தை மட்டும் அளந்து திருப்திப்படுவது அவர்களுக்குப் போதவே போதாது. “தரையில் உட்காருவீர்களா?” என்று அறுவைக்கு முன்பே மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், உடன் போகும் பிள்ளைகள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.