கிரீடம் போன பிறகு நிலம் யாருக்கு?

பண்ணைப்புரத்துக்கு மேற்கே நிற்கிற மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். 1886இல் வெள்ளைக்காரனுக்கு 999 வருஷக் குத்தகை எழுதிக்கொடுத்தது அதுதான். பெரியாற்றுத் தண்ணி நம் பள்ளத்தாக்குக்கு வந்த அந்தக் கதையை எல்லாரும் பேசுறாங்க. அந்த ராஜ்யம் எப்படி முடிந்தது என்பதை நம் சேரிகளில் யாரும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1936இல் கோயில் கதவைத் திறந்துவிட்டதாகப் பெயர் வாங்கிய அரண்மனை அது. பத்தே வருஷத்தில் அதன் துப்பாக்கி வாய் திறந்தது. மக்களாட்சி கேட்டவர்களிடம் திவான் சி.பி. ராமசாமி அய்யர் 'அமெரிக்க மாடல்' என்று ஒன்றை நீட்டினார். சட்டசபை இருக்குமாம், நிர்வாகம் மட்டும் திவான் கையை விட்டுப் போகாதாம்! கம்யூனிஸ்டுகள் தலைமையில் ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கம் கயிறுத் தொழிலாளி, மீன்பிடிக்கிறவர், கள்ளிறக்குகிறவர், வயல்கூலி எல்லாரும் எழுந்தார்கள். பெரும்பகுதி ஈழவர், புலையரும் உண்டு. 1946 அக்டோபர் 24இல் புன்னப்ரா, மறுநாள் ராணுவச் சட்டம், 27இல் வயலார். பாக்குமரத்தைச் சீவிய ஈட்டிக்கு எதிரே துப்பாக்கி. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கில்லை. கூலிக்காரன் பிணத்தை எந்த ராஜா எண்ணினான்?

1947 ஜூலையில் திவான் வெட்டுப்பட்டார். அந்த மாசமே திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர இசைந்தது. கிரீடம் போச்சு. நிலம்?

1970இல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. குத்தகைக்காரனுக்கு வயல் கிடைத்தது. சேற்றில் இறங்கி உழைத்த புலையனும் பறையனும் குத்தகைக்காரன் இல்லையே! அவனுக்குக் குடிசையைச் சுற்றிக் கிராமத்தில் பத்து சென்ட். பெரிய தோட்டங்களுக்கு உச்சவரம்பே கிடையாது. 2007இல் செங்கறையில் தலித்துகள் ரப்பர் தோட்டத்துக்குள் குடிசை போட்டு நிலம் கேட்டது இதனால்தான். அப்போது ஆட்சியில் இருந்தது புன்னப்ரா-வயலார் தியாகிகளுக்கு வருஷந்தோறும் அஞ்சலி செலுத்துகிற கட்சி.

தோழர்களே, மலைக்கு அந்தப் பக்கத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. இங்கே 1994இல் காரணைப் பஞ்சமி நிலம் கேட்டதற்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் சுட்டுக் கொன்றது ராஜாவின் போலீஸ் அல்ல. ஓட்டுப்போட்டு நாம் உண்டாக்கிய அரசின் போலீஸ்.

எந்தக் கொடியோடும் சேர்ந்து போராடுவோம். போகும் முன்னே கேட்டுவிடுவோம்: ஜெயித்தபின் நிலப்பட்டா யார் பேரில்? வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்கட்டும். நம் ஊர்களில் பஞ்சமி நிலம் எவர் கையில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் மனுப்போட்டு, பதிவேட்டைப் பார்க்கத் தொடங்குவோம்.